எந்தச் சூறாவளி? – தமிழ்ச் செய்தி ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழில் செய்தி வெளியிடும் நாளிதழ், தொலைக்காட்சி, வானொலி, இணையதள ஆசிரியர்களுக்கும், வானிலை அறிக்கைகளைத் தமிழில் எழுதித் தருவோருக்கும்,

வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் உங்கள் திரையின் அடியில் ஓடும் வரிகளில் ‘சூறாவளி’ வராத நாள் குறைவு. அந்த ஒரு சொல்லை நம்பித்தான் ஒருவர் படகை மேட்டுக்கு இழுத்துக் கட்டுகிறார். ஒருவர் குலை தள்ளிய வாழைக்கு முட்டுக் கொடுக்கிறார். கூரை வீட்டில் இருப்பவர் குழந்தைகளோடு முகாமுக்குப் போவதா வேண்டாமா என்று முடிவெடுக்கிறார். ஆனால் நீங்கள் எழுதும் அந்தச் சொல் இன்று நான்கு வெவ்வேறு ஆபத்துகளைக் குறிக்கிறது. எது என்று கேட்பவருக்குத் தெரிவதில்லை. கடலோர ஊர்களில் இந்த அறிக்கைகளை வாசித்து விளக்கிச் சொல்லும் வேலையில் இருக்கும் எங்களிடம் ஒவ்வொரு பருவத்திலும் வரும் முதல் கேள்வி, “இது எந்தச் சூறாவளி?” என்பதுதான். இதைத் தனித்தனியே உங்களில் பலரிடம் சொல்லியாயிற்று. மாற்றம் இல்லாததால் பொதுவில் எழுதுகிறோம்.

முதலாவது, மீனவர் எச்சரிக்கையில் வரும் சூறாவளி. “மன்னார் வளைகுடா, குமரிக்கடல் பகுதிகளில் சூறாவளிக் காற்று மணிக்கு 45 முதல் 55 கி.மீ. வேகத்திலும் இடையிடையே 65 கி.மீ. வேகத்திலும் வீசக்கூடும்” என்று தமிழ் அறிக்கை சொல்லும். ஆங்கில மூலத்தில் இது ‘ஸ்குவால்’ நிலை. காற்றின் வேகம் திடீரென்று குறைந்தது 16 நாட் கூடி, 22 நாட் அல்லது அதற்கு மேல் எட்டி, ஒரு நிமிடமாவது அப்படியே நின்றால் அது ஸ்குவால். ஒரு நாட் என்பது மணிக்கு 1.852 கி.மீ. ஆகவே 22 நாட் என்பது 40 கி.மீ.க்குச் சற்று மேல். சில நொடிகளே நீடிக்கும் வீச்சு வேறு. அதற்கு இந்தக் கணக்கு பொருந்தாது. ஃபைபர் படகில் நடுக்கடலில் இருப்பவருக்கு இந்தக் காற்று உயிர் ஆபத்து. ஆனால் வீட்டின் கூரையைப் பெயர்க்கும் காற்று அல்ல.

இரண்டாவது, இலங்கைத் தமிழில் வழங்கும் சூறாவளி. அங்கே அது முழுப் புயலின் பெயர். 1978 நவம்பரில் மட்டக்களப்பை அழித்ததை அந்த மக்கள் இன்றும் ‘சூறாவளி’ என்றுதான் சொல்கிறார்கள். நாம் காற்றழுத்தத் தாழ்வு என்பதை அவர்கள் தாழமுக்கம் என்பார்கள். நாம் புயல் என்பது அங்கே சூறாவளி. பாக் நீரிணையின் இரு கரையிலும் தமிழ் கேட்கிறது, வானொலி அலைக்கு எல்லைக்கோடு கிடையாது. 2020 டிசம்பர் 2 இரவு திருகோணமலைப் பக்கம் கரையேறிய புரெவி, மறுநாள் மன்னார் வளைகுடா வழியாகப் பாம்பனை நெருங்கியது. ஒரே சுழல், அக்கரையில் சூறாவளி, இக்கரையில் புயல். அதே நாட்களில் இக்கரை மீனவர் எச்சரிக்கையிலும் ‘சூறாவளிக் காற்று’ இருந்தது, வேறு பொருளில். மூன்று அறிவிப்பையும் அடுத்தடுத்துக் கேட்கிற மண்டபம் மீனவர் எதை எதோடு ஒப்பிடுவார்?

மூன்றாவது, அமெரிக்கச் செய்தியில் வரும் ‘டொர்னாடோ’. மேகத்திலிருந்து தரைவரை இறங்கும் ஒடுங்கிய காற்றுத் தூண் அது. பெரும்பாலும் சில நூறு மீட்டர் அகலம், சில நிமிட ஆயுள். நான்காவது, அட்லாண்டிக்கின் ‘ஹரிக்கேன்’. நூற்றுக்கணக்கான கி.மீ. பரப்பு, பல நாள் ஆயுள். வங்கக்கடலில் புயல், வடமேற்குப் பசிபிக்கில் ‘டைஃபூன்’, அட்லாண்டிக்கில் ஹரிக்கேன் எல்லாமே ஒரே வகை வெப்பமண்டலச் சுழல். கடலுக்குக் கடல் பெயர்தான் வேறு. டொர்னாடோவுக்கு இவற்றோடு பிறப்பிலும் அளவிலும் ஒற்றுமை இல்லை. வெளிநாட்டுப் பக்கத்தில் இரண்டுக்கும் ‘சூறாவளி’ போட்டுவிட்டு, வீடுகள் சிதறிக் கிடக்கும் படத்தையும் வைக்கிறீர்கள். அடுத்த நாள் உள்ளூர்ப் பக்கத்தில் 45 கி.மீ. காற்றுக்கும் அதே சொல். இதற்கு இரண்டு விளைவுகளை நாங்கள் பார்க்கிறோம். சிலர் தேவையில்லாமல் கலங்குகிறார்கள். அதைவிடக் கெடுதலானது, பலர் பழகிப்போய் ‘தினம்தானே சூறாவளி சொல்கிறார்கள்’ என்று உண்மையான எச்சரிக்கையையும் தாண்டிப் போகிறார்கள்.

வேகத்தை எண்ணால் சொல்லிவிட்டோமே, பிறகென்ன என்று நீங்கள் கேட்கலாம். எண் எல்லோருக்கும் ஒரே பொருளைத் தருவதில்லை. காற்று ஒரு சுவரின்மேல் கொடுக்கும் அழுத்தம் வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும். 55 கி.மீ. காற்று 110 ஆனால் அழுத்தம் இரண்டு மடங்கல்ல, நான்கு மடங்கு. 165 ஆனால் ஒன்பது மடங்கு. வேகம் மும்மடங்கு என்று படிப்பவர் மனத்தில் இந்த ஒன்பது ஏறாது. அதனால்தான் சொல்லும் எண்ணும் சேர்ந்து நிற்க வேண்டும். ஒரே சொல் 55க்கும் 165க்கும் நிற்கக் கூடாது.

செய்ய வேண்டியதும் வேகத்துக்கு வேகம் மாறுகிறது. 45–55 கி.மீ. என்றால் கடலுக்குப் போகக் கூடாது. ஃபைபர் படகை அலை தொடாத மேட்டுக்கு ஏற்றிவிட வேண்டும். துறைமுகத்தில் நிற்கும் விசைப்படகுகளுக்குக் கயிற்றை இரட்டிப்பாக்கி, மோதிக்கொள்ளாமல் இடையில் டயர் தொங்கவிட வேண்டும். நிலத்தில் தகரத் தட்டியையும் விளம்பரப் பதாகையையும் இறக்கினால் பெரும்பாலும் போதும். வாழைக்கு மட்டும் இந்தக் காற்றே அதிகம், முட்டு அவசியம். 90 கி.மீ.க்கு மேல் என்றால் கதையே வேறு. வெளி எஞ்சினைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். கூரை, ஓடு, சிமென்ட் தகட்டு வீடுகளைக் காலி செய்ய வேண்டும். தென்னையில் முற்றிய காய்களையும் கனத்த அடி ஓலைகளையும் வெட்டித் தலைப்பாரம் குறைக்க வேண்டும். தோப்புக்கு நீர் விடுவதை முன்கூட்டியே நிறுத்த வேண்டும், ஈர மண்ணில் வேர்ப்பிடி தளர்ந்து மரம் அடியோடு சாயும். 2018 நவம்பர் 16 அதிகாலை நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா கரையேறியபோது டெல்டாவின் தென்னந்தோப்புகள் என்ன ஆயின என்று உங்களுக்கு நினைவூட்டத் தேவையில்லை. ஒரு தோப்பில் மரமேறி ஓலை கழிக்க ஒரு முழு நாள் வேண்டும். அந்த ஒரு நாளைத் தோப்புக்காரருக்குத் தருவது உங்கள் தலைப்பு.

சொல்லின் வரலாற்றையும் சொல்லியாக வேண்டும். ‘பழைய தமிழ்ச் சொல், அதனால் எல்லாவற்றுக்கும் பொருந்தும்’ என்ற சமாதானம் அடிக்கடி வருகிறது. சூறாவளி என்பது சூறையும் வளியும் சேர்ந்தது. வளி காற்றுக்குப் பழம்பெயர். கரிகாலனின் முன்னோனை “நளியிரு முந்நீர் நாவாய் ஓட்டி வளிதொழில் ஆண்ட உரவோன்” என்று புறநானூற்றின் 66ஆம் பாட்டில் வெண்ணிக்குயத்தியார் சொல்வது, காற்றை வேலை வாங்கிக் கப்பல் செலுத்தியவன் என்ற பொருளில்தான். சூறை என்றால் சுழன்றடிக்கும் காற்று. கொள்ளை என்றும் பொருள் உண்டு, சூறையாடுதல் என்கிறோமே அது. ஆக, சுழலும் வாரிச் செல்வதும் அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கின்றன. ஒரு திசையிலிருந்து விட்டுவிட்டுப் பாய்கிற 45 கி.மீ. பருவக்காற்றில் சுழலும் இல்லை, சூறையும் இல்லை. தமிழின் பழமையைக் காட்டி நியாயம் தேடினால், மீனவர் எச்சரிக்கையில் இந்தச் சொல் இருப்பதற்குத்தான் மிகக் குறைந்த நியாயம்.

புயல் என்ற சொல்லின் பயணம் இன்னும் கவனிக்கத் தக்கது. “ஏரின் உழாஅர் உழவர் புயல்என்னும் வாரி வளங்குன்றிக் கால்” என்று வான்சிறப்பில் வள்ளுவர் சொல்லும் புயல், மழை. அது குறைந்தால் உழவர் ஏர் பூட்டமாட்டார் என்கிறார். திருமாலைப் புயல் வண்ணன் என்று பாடியவர்கள் கருமேகத்தின் நிறத்தைச் சொன்னார்கள். கொண்டல் என்ற சொல்லும் இப்படித்தான், கீழைக்காற்றுக்கும் பெயர், மேகத்துக்கும் பெயர். மேகமும் மழையுமாக இருந்த புயல் பின்னால் பெருங்காற்றைக் குறிக்க வந்தது. இன்று உங்கள் செய்தியில் புயல் என்றால் காற்று மட்டும்தான் என்றாகிவிட்டது. அது எங்கே ‘கரையைக் கடக்கும்’ என்ற ஒரு புள்ளியை நோக்கி இரண்டு நாள் நேரலை ஓடும். கடந்ததும் முடிந்துவிட்டது என்று கேமரா திரும்பிவிடும். உயிரை எடுப்பது பெரும்பாலும் தண்ணீர்.

2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் சென்னை மூழ்கியது. மிக்ஜாம் புயல் சென்னையில் கரையைக் கடக்கவே இல்லை. அது 5ஆம் தேதி ஆந்திராவின் பாபட்லா அருகே கடந்தது. இங்கே கடலோரமாக மெல்ல ஊர்ந்தபோதே மழை கொட்டித் தீர்த்தது. அடுத்த ஆண்டு நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கரையேறியது. மயிலத்தில் 51 செ.மீ. அது வலுவிழந்து உள்நாட்டுக்குப் போன பிறகு, கடலே இல்லாத கிருஷ்ணகிரி மாவட்டத்து ஊத்தங்கரையில் ஏறக்குறைய 50 செ.மீ. ‘வலுவிழந்தது’ என்ற சொல் காற்றைப் பற்றியது மட்டுமே என்று அன்றைக்கு யாராவது ஊத்தங்கரைக்காரரிடம் சொல்லியிருக்க வேண்டும்.

இவை எல்லாவற்றையும்விட வலிப்பது 2023 டிசம்பர் 17, 18. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. திருச்செந்தூரில் 69 செ.மீ. தாமிரபரணிக் கரையெல்லாம் வெள்ளம். அப்போது கடலில் புயல் இல்லை, தாழ்வு மண்டலம்கூட இல்லை. அறிக்கையில் இருந்த பெயர் ‘வளிமண்டல கீழடுக்குச் சுழற்சி’. அச்சுறுத்தாத பெயர். புயலுக்குச் சூட்டுவது போன்ற பெயரும் இல்லை, எண்ணும் இல்லை, அதனால் முதல் பக்கமும் இல்லை. 2015 டிசம்பர் 1 அன்று தாம்பரத்தில் 49 செ.மீ. பெய்தபோதும் புயல் எதுவும் கிடையாது. புயல் என்ற சொல் வந்தால்தான் எழுந்து உட்கார வேண்டும் என்று உங்கள் பார்வையாளரைப் பழக்கியது யார் என்று தயவுசெய்து யோசியுங்கள்.

எதிர்ப்பக்கமும் உண்டு. 2017 நவம்பர் 29 அன்று இலங்கையை ஒட்டி இருந்தது வெறும் தாழ்வு மண்டலம். 30ஆம் தேதி காலையில் அது ஒக்கிப் புயல். பல நாள் தங்கி மீன் பிடிக்கும் குமரி மாவட்டப் படகுகள் அதற்கு முன்பே ஆழ்கடலுக்குப் போயிருந்தன. புயல் என்ற சொல் பிறந்தபோது அவர்கள் கைபேசிக்கு எட்டாத தொலைவில் இருந்தார்கள். கன்னியாகுமரிக் கடல் போல, கருவாகி ஒரே நாளில் புயலாகும் இடங்களில் ‘தாழ்வு மண்டலம்தானே’ என்ற ஏளனம் கொல்லும்.

அடுத்து, அடைமொழிகள். இந்திய வானிலைத் துறையின் மழைக் கணக்கு தெளிவானது: 24 மணி நேரத்தில் 64.5 முதல் 115.5 மி.மீ. வரை கனமழை, 115.6 முதல் 204.4 வரை மிக கனமழை, 204.5 மி.மீ.யும் அதற்கு மேலும் அதி கனமழை. இதில் ‘மிக’ ஒரு படி, ‘அதி’ அதற்கு அடுத்த படி. பேச்சுத் தமிழில் இரண்டுக்கும் வேற்றுமை கிடையாது. ஆகவே செய்தியில் எண் கூடவே வராவிட்டால் 12 செ.மீ.க்கும் 30 செ.மீ.க்கும் வேறுபாடு தெரியாது. புயலில் குழப்பம் இன்னும் கூடுதல். காற்று 62–88 கி.மீ. என்றால் புயல். 89–117 தீவிரப் புயல். 118–165 ஒரு வகுப்பு, 166–220 அடுத்த வகுப்பு, அதற்கு மேல் சூப்பர் புயல். நடுவில் உள்ள அந்த இரண்டு வகுப்புக்கும் தமிழில் ஒட்டிய பெயர் இல்லை. 2019 மே மாதம் புரியில் கரையேறிய ஃபானி 166க்கு மேற்பட்ட வகுப்பு. 2020 நவம்பரில் புதுச்சேரி அருகே வந்த நிவர் 118க்கு மேற்பட்ட வகுப்பு. தமிழ்ச் செய்திகள் பலவற்றில் இரண்டுமே ‘அதி தீவிரப் புயல்’. ஃபானியின் படங்களைப் பார்த்திருந்தவர்கள் நிவரில் அதையே எதிர்பார்த்தார்கள். நிவர் தந்த அனுபவத்தை வைத்துக்கொண்டு நாளைக்கு வரும் 170 கி.மீ. புயலை எடைபோடுவார்கள். அந்த நாள்தான் எங்களுக்குக் கவலை.

வெளிநாட்டு இணையதளத்திலிருந்து வேகத்தை எடுத்துப் போடும் வழக்கமும் நிற்க வேண்டும். இந்திய வானிலைத் துறை 3 நிமிடச் சராசரியைச் சொல்கிறது, அமெரிக்க அமைப்புகள் 1 நிமிடச் சராசரியை. ஒரே புயலுக்கு 1 நிமிட எண் பெரிதாகத்தான் வரும். புயல் ‘திடீரென வலுப்பெற்றது’ என்று நீங்கள் போட்ட சில செய்திகளில் மாறியது புயல் அல்ல, அளவுகோல்.

துறைமுகத்தில் ஏற்றும் புயல் எச்சரிக்கைக் கூண்டின் எண்ணைப் பற்றியும் ஒரு வார்த்தை. 5ஆம் எண் ஏற்றப்பட்டு மறுநாள் 6 ஆனால் ‘ஆபத்து அதிகரிப்பு’ என்று எழுதுகிறீர்கள். 1 முதல் 11 வரையுள்ள எண்கள் ஏணிப்படி அல்ல. 1, 2 இரண்டும் தொலைவில் உருவாகியிருப்பதைக் கப்பல்களுக்குச் சொல்பவை. 3, 4 உள்ளூர் எச்சரிக்கை. 5, 6, 7 மூன்றும் ஒரே அளவு ஆபத்து; புயல் துறைமுகத்தின் ஒரு பக்கமாகக் கடக்குமா, மறுபக்கமாகவா, துறைமுகத்தின் மேலேயோ மிக அருகிலோ கடக்குமா என்பதே வேறுபாடு. 8, 9, 10 அதே மூன்று நிலை, தீவிரப் புயலுக்கு. 11 என்றால் வானிலை மையத்தோடு தொடர்பு அறுந்துவிட்டது என்று பொருள். பக்கத்தைச் சொல்லும் எண் ஏன் முக்கியம் என்றால், நம் பாதிக் கோளத்தில் புயல் இடஞ்சுழியாகச் சுழலும். கிழக்குக் கரைக்கு நேராக மேற்கு நோக்கி வரும் புயலில், மையத்துக்கு வடக்கே உள்ள ஊர்களில் காற்று கடலிலிருந்து நிலத்துக்குத் தள்ளும். கடல் நீரும் ஊருக்குள் ஏறும். தெற்கே உள்ள ஊர்களில் காற்று நிலத்திலிருந்து கடலுக்குத் தள்ளும். புயலின் மையமான கண் தலைக்கு மேலே வந்தால் காற்று சற்று நேரம் அடங்கும், வெளியே வருபவர்களை எதிர்த்திசைக் காற்று வந்து அடிக்கும்.

கடல் நீர் ஏறுவதற்குத் தமிழ்ச் செய்தியில் நிலையான சொல்லே இல்லை. 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியில் ரயிலைக் கொண்டுபோனது காற்றல்ல, எழுந்து வந்த கடல். ‘சைக்ளோன்’ என்ற சொல்லை 1840களில் கல்கத்தாவில் உருவாக்கிய ஹென்றி பிடிங்டன், பாம்பின் சுருளைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து அதை எடுத்தார். பெயர் வைத்ததோடு அவர் நிற்கவில்லை. சுந்தரவனத்தில் மட்லா ஆற்றங்கரையில் துறைமுகம் கட்டும் திட்டம் வந்தபோது, புயலோடு எழும் கடல் அந்த இடத்தை மூழ்கடிக்கும் என்று 1853இல் தலைமை ஆளுநர் டல்ஹவுசிக்கு மடல் எழுதி அச்சிட்டார். கேட்கவில்லை. கட்டிய கேனிங் துறைமுகத்தை 1867 நவம்பர்ப் புயல் அழித்தது. சொல்லைத் துல்லியமாக்குவதும் எச்சரிக்கை விடுவதும் ஒரே வேலையின் இரு பகுதி என்பதை அந்தச் சொல்லைத் தந்தவரே செய்து காட்டியிருக்கிறார்.

ஆகவே உங்களிடம் நாங்கள் கேட்பது இவை.

மீனவர் எச்சரிக்கையில் 62 கி.மீ.க்குக் குறைந்த சராசரிக் காற்றுக்குச் சூறாவளி என்று எழுதுவதை நிறுத்துங்கள். ‘திடீர்ப் பலத்த காற்று’ என்று எழுதினால் எல்லோருக்கும் விளங்கும். வங்கக்கடல், அரபிக்கடல் சுழல்களுக்குப் புயல் என்பதையே நிலையாக வையுங்கள்; இலங்கை அறிவிப்பை எடுத்து வெளியிடும்போது “அங்கே சூறாவளி எனப்படும் புயல்” என்று ஒருமுறையாவது குறிப்பிடுங்கள். டொர்னாடோவை டொர்னாடோ என்றும் ஹரிக்கேனை ஹரிக்கேன் என்றும் தமிழ் எழுத்திலேயே எழுதுங்கள்.

118–165, 166–220 வகுப்புகளுக்கு வானிலைத் துறையின் தமிழ் அறிக்கை எழுதுவோரும் ஆசிரியர்களும் ஒரே மேசையில் உட்கார்ந்து இரண்டு தனிச் சொற்களை முடிவு செய்யுங்கள். அடுத்த அக்டோபருக்குள் இது நடக்க வேண்டும். கடல் நீர் ஊருக்குள் ஏறுவதற்கும் அதே அமர்வில் ஒரு சொல் வேண்டும். அதில் நாகை, ராமேசுவரம், குமரி மீனவர்கள் உட்கார வேண்டும். வாடை, கொண்டல், கச்சான், சோழகம் என்று காற்றைத் திசை பிரித்துச் சொல்பவர்களிடம் இதற்கும் சொல் இருக்கும்.

மிக, அதி என்ற அடைமொழி வரும் ஒவ்வொரு இடத்திலும் செ.மீ. அல்லது கி.மீ. எண்ணை அதே வரியில் போடுங்கள். கூண்டு எண் போட்டால் அதன் பொருளையும் போடுங்கள். வேகத்துக்கு இந்திய வானிலைத் துறையின் எண்ணை மட்டும் எடுங்கள். ‘வலுவிழந்தது’ என்று எழுதும்போது மழை எச்சரிக்கை இன்னும் எந்த மாவட்டங்களுக்கு நிலவுகிறது என்பதை அடுத்த வரியிலேயே சொல்லுங்கள். சிவப்பு எச்சரிக்கை இருக்கும் நாளில், கடலில் பெயர் சூட்டிய புயல் இல்லாவிட்டாலும் அதை முதல் செய்தியாக வையுங்கள்.

உங்கள் பதிலையும் எங்களுக்கு எழுதாமல் உங்கள் பக்கத்திலேயே வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
கடலோர ஊர்களில் வானிலை அறிக்கைகளை வாசித்து விளக்குவோர்